என் பொம்மைக்குள் நீ இருந்த மூன்று நாள்

செப்டம்பர் 3

தங்கச்சிக்கு,

போனில் எத்தனை தடவை கூப்பிடுவது? நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இந்த விஷயத்தைப் போனில் பேசியிருக்க மாட்டேன். என் போனுக்குள் ஆபீஸ்காரர்கள் போட்ட செயலி குடியிருக்கிறது. அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கடைக்குப் போய்க் காகிதமும் உறையும் வாங்கிவந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து எனக்கே பிடிபடவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கும் தூசியெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு மூலையாகக் காட்டி என்னைத் திட்டுகிறாள். இதற்கா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம் என்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மூன்று நாளும், என் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் இடத்தில் நீ உட்கார்ந்தாய். ஆபீஸே ஹெட்செட்டுக்குள் போய்விட்டதால், அதை யார் மாட்டினாலும் அங்கே எல்லோருக்கும் தெரிவது என் பொம்மை உருவம்தான். எனக்கு லீவு மிச்சமில்லை. அந்த வாரம் பயிற்சி வகுப்பு மட்டும்தான், வாடிக்கையாளர் யாரும் கூப்பிட மாட்டார்கள், என் பொம்மைக்குள் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நான்தான் சொன்னேன். நம் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கிறதே என்ற தைரியம். அதுவரைக்கும் என்னுடைய பொறுப்பு. அதற்குப் பிறகு நடந்தது என்ன?

என் பொம்மைக்குப் பக்கத்து மேசை நெட்டையின் பொம்மை. ஆபீஸ் பழைய கட்டடத்தில் இருந்த காலத்திலிருந்தே அவள் எனக்குப் பக்கத்து மேசைதான், பதினோரு வருஷமாக. நீ அவளை நேரில் பார்த்ததில்லை. ஹெட்செட்டுக்குள் எல்லாப் பொம்மையும் ஒரே உயரம் என்பதால் அங்கே அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் பழகிவிட்டது, மாற்றவில்லை.

போன திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. வாகன இழப்பீட்டுப் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் இந்த மாதக் கடைசியில் காது பரிசோதனை. மற்ற பிரிவுகளுக்குக் கிடையாது, எங்களுக்கு மட்டும். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து நெட்டை என்னோடு பேசவில்லை. அவள் பொம்மை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. நான் பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுகிறது. என்னடி ஆச்சு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, விடு" என்றாள். அவ்வளவுதான்.

நான் அவளை ஒன்றும் செய்யவில்லை, அந்த மூன்று நாளில் நீதான் ஏதோ செய்திருக்க வேண்டும். நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். "நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன் அக்கா, எனக்கு ஒன்றும் தெரியாது" என்பாய். அந்தக் கதையெல்லாம் வேண்டாம். நடந்ததை எழுது.

அக்கா

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

என் பதிலையும் நீயே எழுதிவிட்டால் நான் எதற்கு உறை வாங்கித் தபால்தலை ஒட்ட வேண்டும்?

போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. காலையில் ஹெட்செட்டை மாட்டினால் மத்தியானம் வரை கழற்ற முடிவதில்லை. கழற்றியதும் தலை சுற்றிக்கொண்டு வாந்தி வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால்தான் இந்த அறை ஒரு இடத்தில் நிற்கிறது. மாய உலகங்களை ஆராய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, என் உடம்புக்கு அந்த உலகம் ஒத்துக்கொள்ளவில்லை. இதை என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் சொன்னால் வேறு தலைப்பு எடுத்திருக்கலாமே என்பார். சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னவெல்லாம் கனவு கண்டேன் தெரியுமா? மனிதர்கள் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள், கறுப்பு சிவப்பு, குட்டை நெட்டை எதுவும் இருக்காது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். உள்ளே போய்ப் பார்த்தால் அதே ஆபீஸ். கதவே தேவைப்படாத இடத்தில் கதவு வைத்திருக்கிறார்கள். மழையே பெய்யாத இடத்தில் ஜன்னலில் மழை வழிகிறது. சூப்பர்வைசர் முன்பாவது நடந்து வருவார், செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்து உட்காரலாம். இப்போது சட்டென்று தோளுக்குப் பக்கத்தில் முளைக்கிறார். உன் கண் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் பார்த்தது என்று கணக்கெடுத்து, கவனத்துக்கு மார்க் போடுகிறார்கள். பழைய கட்டடத்தின் எரிச்சல்களை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கை கழுவும் இடத்தில் நின்று சூப்பர்வைசரைத் திட்டும் சுகத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதைத்தான் நூற்றெண்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். கைடு புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல புதுசு என்னம்மா?" என்றார்.

கோபப்படாமல் படி. பயிற்சியின் இரண்டாம் நாள், இடைவேளையில், நெட்டை உன் பொம்மையை ஓய்வறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததாகத் தெரியாத அந்த சோபாவில் இரண்டு பொம்மையும் உட்கார்ந்தன. அவள் சொன்னது இதுதான்:

"எனக்கு இடது காது சுத்தமாப் போயிடுச்சு. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருக்கு. இங்க யார் பேசினாலும் கீழ எழுத்தா ஓடுதுல்ல, அதைப் படிச்சுதான் பதில் சொல்றேன். போன்ல வர்றவங்ககிட்டயும் அப்படித்தான். பழைய ஆபீஸா இருந்திருந்தா எப்பவோ மாட்டியிருப்பேன். வீட்டுல கூட யாருக்கும் தெரியாது."

இன்னும் நிறையச் சொன்னாள். குரல் ஒன்றுபோல இருந்தாலும், வாயைத் திறந்தால் பேச்சிலேயே நீ இல்லை என்று தெரிந்துவிடும். அதனால் "ம்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டினேன். கடைசியில் அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். பொம்மைக்குக் கண்ணீர் வராது, அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அக்கா, மூன்று வருஷத்தில் இந்த ஆபீஸால் ஒரு மனுஷிக்கு நிஜமாக ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒரு கருத்தரங்குக் கட்டுரையில் அரைப் பக்கம் எழுதினேன். பெயர் போடவில்லை. "வாகனப் பிரிவில் பணியாற்றும், நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் ஊழியர்" என்றுதான் போட்டேன். கைடு துள்ளிக் குதித்தார். "இதுதாம்மா உன் ஆய்வு!" என்றார். உங்கள் கம்பெனி என் ஆய்வுக்குப் புள்ளிவிவரம் கொடுப்பதால், மரியாதைக்காகக் கட்டுரையை அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். அது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும்.

நான் நல்லதாகத்தான் எழுதினேன். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

தங்கை

செப்டம்பர் 13

ஏய்,

பெயர் போடவில்லையாம்! எங்கள் பிரிவில் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் ஏழு ஆண்கள். மிச்சமிருக்கும் ஐந்து பெண்களில் மூன்று பேர் நேற்றுப் படிப்பு முடித்துவிட்டு வந்த பிள்ளைகள். நாற்பதைத் தாண்டியது நானும் நெட்டையும்தான். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. இவ்வளவு படித்தவளுக்கு இந்தக் கழித்தல் கணக்கு வரவில்லையா?

அந்தப் பரிசோதனையில் தேறாவிட்டால் போன் எடுக்கும் வேலைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சுற்றறிக்கையின் கடைசி வரியிலேயே இருக்கிறது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. எழுத்தைப் படித்துப் பதில் சொல்கிறாள், அதனால் யாருக்கு என்ன குறைந்துவிட்டது? எங்கள் பிரிவிலேயே அவள்மேல்தான் புகார் குறைவு. வாடிக்கையாளர் கத்தினாலும் அவளுக்கு அது சின்ன எழுத்தில்தான் வந்திருக்கிறது, பாவம், அதனால்தான் அவ்வளவு பொறுமையோ என்னவோ.

எனக்கு எரிவது எது தெரியுமா? நீ எழுதியது கூட இல்லை. என் முகத்தை மாட்டிக்கொண்டு போய் அவளிடம் கேட்டுக்கொண்டு வந்தாய். அவள் என்னை நம்பிச் சொன்னாள். பதினோரு வருஷப் பழக்கத்தை நம்பிச் சொன்னாள். ஜூலையிலிருந்து அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதானே பார்த்திருப்பாள்? நானோ ஒன்றும் தெரியாமல், "காதுல என்ன விழலையா?" என்று அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். இரண்டு தடவை. நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதாவது ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அமுக்கமாக இருந்துவிட்டாய்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உடனே கைடைப் பார். அந்த அரைப் பக்கம் முழுக்கக் கற்பனை, அப்படி ஒரு ஆளே கிடையாது என்று எழுதிக் கொடு. கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடு, என்ன எழுதுவது என்று நான் சொல்கிறேன். இந்தப் பக்கம் நான் சும்மா இல்லை. நெட்டைக்குத் தெரியாமலேயே நல்ல காது டாக்டர் ஒருவரிடம் அவளுக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். தொழிற்சங்கத்துக்காரரிடமும் பொதுவாக விசாரித்தேன், இன்னார் என்று சொல்லவில்லை. ஹெட்செட்டை இரவல் கொடுத்தேன் என்று மட்டும் வெளியே தெரிந்தால் என் சீட்டும் கிழிந்துவிடும். அதனால் அதைப் பற்றி மூச்சு விடாதே.

நெட்டையிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

அக்கா

செப்டம்பர் 20

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே கைடின் அறைக்குப் போனேன். அவர் மேசையில் என் கட்டுரை. அந்த அரைப் பக்கத்துக்குப் பக்கத்தில் பச்சை மையில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார்.

"சார், இந்தப் பகுதியை எடுத்துடலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"கற்பனை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கற்பனைன்னு எழுதிக் குடுத்தா, மத்த அத்தியாயத்தை மட்டும் யாரு நம்புவா? உன்னையும் கூட்டிவச்சு விசாரிப்பாங்க, என்னையும் விசாரிப்பாங்க. நல்லா யோசிச்சுட்டு வா."

யோசித்தேன். வேறு வேலையே இல்லை. கற்பனை என்றால் நான் பித்தலாட்டக்காரி. நிஜம் என்றால் நெட்டைக்கு வேலை போகும். அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். ஹெட்செட்டுக்குள் சுவரில் முட்டினால் வலிக்காது, உருவம் அப்படியே நின்றுவிடும். அதுமாதிரி நான் இந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் முகத்தை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. "அவதாரும் அதை இயக்கும் ஆளும்" என்று என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. நீ பொம்மை என்பதைத்தான் நாங்கள் அவதார் என்கிறோம். உருவத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய உரிமை உண்டா என்று நானே கேள்வி எழுப்பி, உண்டு என்று நானே பதிலும் எழுதியிருக்கிறேன். அடிக்குறிப்புகளோடு! எழுதியபோது அது யாரோ எங்கோ செய்யும் தப்பாக இருந்தது.

கடைசியில் துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவோடு அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன், அனுமதி இல்லாமல் கேட்டதை எழுதினேன், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. "அவளுக்குத் தெரியாமல்" என்பது மட்டும் பொய். உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. கேட்டிருந்தால் நான் பாதி சொல்வதற்குள் நீ வேறு ஏதாவது திட்டம் போட்டிருப்பாய்.

பலன் என்ன என்று கேட்கிறாயா? என் ஆய்வை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிய எத்தனை மாதம் ஆகுமோ. இனிமேல் எனக்கு வழிகாட்ட முடியாது என்று கைடு கையைக் கழுவிவிட்டார். உனக்கு, ஹெட்செட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதோடு போகும். கம்பெனியிலிருந்து துறைக்குப் பதில் வந்தது, இரண்டே வரி. தகவலுக்கு நன்றி, திட்டமிட்டபடி பரிசோதனை நடக்கும்.

அக்கா, எல்லாவற்றையும் தொலைத்தும் அந்தப் பரிசோதனை ஒன்றை என்னால் நிறுத்த முடியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. காலையில் ஹெட்செட்டைத் தூக்கிக் கட்டிலில் வீசினேன். உடைந்துபோனால் பணம் கட்டி மாளாதே என்று கட்டிலில்தான் வீசினேன், பார்த்துக்கொள். கோபப்படக்கூட ஒழுங்காக வரவில்லை.

நெட்டையிடம் உண்மையைச் சொல்லிவிடு. உன்னால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன்.

தங்கை

செப்டம்பர் 25

தங்கச்சிக்கு,

என்னைக் கேட்காமல் அப்படி எழுதிக் கொடுத்ததற்கு உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று நெட்டை வீட்டுக்குப் போனேன். ஆபீஸ் ஹெட்செட்டுக்குள் போனதிலிருந்து நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. கதவைத் திறந்தவளை அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவு உயரம் என்பது மறந்தே போயிருந்தது. தலை பாதி நரைத்துவிட்டது. பொம்மைக்கு நரைப்பதில்லையே.

உட்கார்ந்ததும் அவள் தன் போனை எடுத்து மேசைமேல், எங்களுக்கு நடுவில் வைத்தாள். பேசுவது அதில் எழுத்தாக வருமாம். "நேரா என்னைப் பார்த்துப் பேசு, மிச்சத்தை இது பார்த்துக்கும்" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி, லீவு, நீ, ஹெட்செட், கட்டுரை எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். பரிசோதனையைத் தள்ளிப்போட வழி இருக்கிறது என்றேன். டாக்டரிடம் நேரம் வாங்கியதைச் சொன்னேன். சங்கத்துக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவள் நடுவில் என்னவோ சொல்ல வந்தாள். இரு இரு, இதைக் கேளு முதல்ல என்றேன். அழுகை வேறு.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவள் போனை என் பக்கம் திருப்பினாள். "மேல தள்ளிப் பாரு" என்றாள்.

தள்ளினேன். யார் பேசுகிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு நிறம். எனக்கு நீலம், அவளுக்குப் பச்சை. திரை திரையாக நீலம். நடுநடுவே பச்சையில், "நான் என்ன", "அது வந்து", "இல்ல, எனக்கு" என்று அரை அரை வரி. ஒரு வரிகூட முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போய், அவளிடமே மன்னிப்புக் கேட்கப் போய், அவளை ஒரு வரி முடிக்கவிடவில்லை நான்.

"அன்னைக்கு உன் பொம்மைக்குள்ள இருந்தது நீ இல்லன்னு எனக்கு ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

குரல் வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன்.

"குரல் எனக்கு எங்க கேக்குது? நான் பேசப் பேச அது பேசாம இருந்துச்சு. நீ அப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல."

"அப்ப ஏன் சொன்ன? யாருன்னே தெரியாம?"

"நீ இல்லன்னு தெரிஞ்சதாலதான் சொன்னேன். உன்கிட்ட சொன்னா நீ அடுத்த நிமிஷமே கிளம்பிடுவ. டாக்டர்ம்ப, மேனேஜர்ம்ப. நல்லதுக்குத்தான், தெரியும். ஆனா எனக்கு அன்னைக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு தடவை முழுசாச் சொல்லி முடிக்கணும், அவ்வளவுதான்."

கேளடி. அவள் என்னை நம்பிச் சொன்னாள் என்று உனக்கு எவ்வளவு காரமாக எழுதினேன்? அவள் என்னை நம்பவே இல்லை. பதினோரு வருஷம் பக்கத்து மேசை. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்த உன்னிடம்தான் சொல்ல அவளுக்கு மனது வந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

உன்மேலும் அவளுக்குக் கோபம் இருக்கிறது, தப்பித்துவிட்டதாக நினைக்காதே. "எனக்குத் தெரியாம எழுதிட்டா பாரு, அதை அவகிட்ட நேர்ல கேக்கணும்" என்றாள். நீ உன் ஆய்வைத் தொலைத்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவள் முடிவு செய்துவிட்டாள். பரிசோதனை அன்று அவளாகவே எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள். இத்தனை நாளும் எழுத்தைப் படித்துத்தான் வேலை பார்த்தேன், என்மேல் என்ன குறை என்று அவர்களிடமே கேட்கப் போகிறாள். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். இருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு ஆபீஸ்காரர்கள் நேரில் வருகிறார்கள். துணைக்கு ஓர் ஆளை உள்ளே கூட்டிக்கொண்டு வரலாமாம். நான் வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன். அவள் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்தேன்.

அவள் உன்னைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு உனக்கு டிக்கெட் போட்டு இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வந்து அவளிடம் வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொள். மறுநாள் பரிசோதனைக்கு அவளோடு உள்ளே போய் உட்கார். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

அக்கா